டேட்டா ஃபில்டரிங் போட்டும் அடையாள அட்டை இலக்கங்கள் வெளியே போவது ஏன்?

ஹட்டன் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: தொழிலாளர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஈ.பி.எஃப் இலக்கம், வங்கிக் கணக்கு எல்லாம் உள்ள செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) எக்செல் கோப்பு வெளியே போகக் கூடாது என்று அலுவலக இணையப் போக்குவரத்தைக் காவல் காக்கும் ஃபயர்வாலில், வெளியே போகும் கோப்புகளுக்குள் தேடிப் பார்க்கும் டேட்டா ஃபில்டரிங் போட்டீர்கள், தேட வேண்டிய இலக்க வடிவத்தைச் சொல்லும் பேட்டர்ன் எழுதி பிளாக் (தடு) என்றும் வைத்தீர்கள், ஆனால் சோதனைக்கு உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து அனுப்பிய கோப்பு ஒரு தடையும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஃபயர்வாலின் பதிவான லாக்கில் ஒரு வரிகூட இல்லை, பேட்டர்னில் என்ன பிழை என்று சொல்லுங்கள் என்கிறீர்கள். பேட்டர்னைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. அந்தக் கோப்பை ஃபயர்வால் பெட்டி திறந்து பார்த்ததா என்பதுதான் முதல் கேள்வி. திறந்தே பார்க்காத கோப்புக்கு எவ்வளவு நல்ல பேட்டர்ன் எழுதினாலும் வேலை செய்யாது. லாக் வெறுமையாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், பேட்டர்னை இப்போதைக்குத் தொடாமல் விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மலையகத்தில் தோட்ட அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சின்ன நிதி நிறுவனங்கள் என்று பல வருடமாக நெட்வேர்க் வேலை பார்க்கிறவன் நான். இந்தப் பிரச்சினை வந்த இடங்களில் பாதிக்கு மேல் பேட்டர்ன் சரியாகவே இருந்தது. அதனால் நான் எப்போதும் ஒரே வரிசையில்தான் தேடுவேன்: போக்குவரத்து அந்தப் பெட்டி வழியாக, அந்த ரூல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதி) வழியாகப் போனதா, போனதைப் பெட்டியால் திறக்க முடிந்ததா, திறந்த கோப்புக்குள் பேட்டர்ன் தேடும் வடிவத்தில் இலக்கம் இருந்ததா, இருந்தால் தடுக்கச் சொல்லி வைத்திருக்கிறோமா. இந்த வரிசையை மாற்றினால் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டி வரும்.

முதலாவது சீக்கிரம் முடிகிற வேலை. டேட்டா ஃபில்டரிங் லாக்கைப் பார்க்காமல், சாதாரண டிராஃபிக் லாக்கைத் திறந்து, நீங்கள் சோதித்த கணினியின் ஐபி முகவரியையும் அந்த நேரத்தையும் போட்டுத் தேடுங்கள். எந்த ரூல் அந்த இணைப்பை அனுமதித்தது என்று அதில் இருக்கும். ஃபயர்வால் ரூல்களை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். ஃபில்டரிங் புரொஃபைலை (பேட்டர்னும் நடவடிக்கையும் அடங்கிய அமைப்பை) ஐந்தாவது ரூலில் மாட்டிவிட்டு, இரண்டாவது ரூலில் எப்போதோ யாரோ போட்ட "எல்லாவற்றையும் அனுமதி" இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. புரொஃபைலைச் செய்து வைத்துவிட்டு எந்த ரூலிலும் மாட்டாமல் விடுவதும், மாற்றத்தை கமிட் செய்யாமல் (நடைமுறைக்குக் கொண்டுவராமல்) விடுவதும் நடக்கிற விஷயங்கள்தான். ஏற்கெனவே திறந்திருந்த இணைப்புகள் பழைய ரூல்படியே ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால், மாற்றம் செய்ததும் அந்தக் கணினியின் செஷன்களை அழித்துவிட்டுச் சோதியுங்கள்.

டிராஃபிக் லாக்கிலேயே அந்த இணைப்பு இல்லை என்றால் அது வேறு வழியில் போயிருக்கிறது. நம் பக்கத்தில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. மழைக் காலத்தில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்துபோகும் என்பதால் அநேகமாக எல்லா அலுவலகத்திலும் ஒரு 4ஜி ரூட்டர் இருக்கும். அதை ஃபயர்வாலுக்குப் பின்னால் சுவிட்சில் நேரடியாகச் செருகி வைத்திருப்பார்கள், அல்லது ஃபயர்வாலிலேயே இரண்டாவது லைனாகக் கொடுத்து, ரூலை முதல் லைனுக்கு மட்டும் எழுதியிருப்பார்கள். கிளாக்கரின் லேப்டாப் அந்த ரூட்டரின் வைஃபையைப் பிடித்திருந்தால் ஃபயர்வாலுக்கு எதுவுமே தெரியாது. இணைப்பு தருபவர் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியும் கொடுத்திருந்தால் அதற்கும் ரூல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபிவி4க்கு மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, இணைப்பு சரியான ரூலில்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வருவதுதான் உங்கள் விஷயத்தில் காரணமாக இருக்க அதிக வாய்ப்புள்ளது: டிகிரிப்ஷன், அதாவது குறியாக்கத்தை அவிழ்ப்பது. ஜிமெயில் முழுவதும் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது டிஎல்எஸ் என்ற குறியாக்கத்துக்குள் போகிறது. டிஎல்எஸ்ஸை அவிழ்க்காத ஃபயர்வாலுக்கு யாரோடு பேசுகிறார்கள் என்பது தெரியும், எவ்வளவு பைட் போனது என்பது தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க லாக்கூடத் தேவையில்லை. சோதித்த கணினியில் குரோமில் ஜிமெயிலைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடப் பக்கத்து அடையாளத்தை அழுத்தி, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழை வழங்கியது யார் என்று பாருங்கள். கூகுள் டிரஸ்ட் சர்விசஸ் என்று இருந்தால் உங்கள் ஃபயர்வால் அந்த இணைப்பைத் திறக்கவே இல்லை. உங்கள் ஃபயர்வாலில் நீங்களே உருவாக்கிய சான்றிதழின் பெயர் இருந்தால்தான் திறந்திருக்கிறது. ஃபோர்ட்டிகேட் வகை ஃபயர்வால் வைத்திருந்தால், சர்டிஃபிகேட் இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்றும் டீப் இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்றும் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது தொடக்கப் பேச்சை மட்டும் பார்க்கும், கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பது இரண்டாவதுதான்.

டிகிரிப்ஷன் போட்டிருந்தும் சான்றிதழ் கூகுளுடையதாகவே இருந்தால் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று விதிவிலக்குப் பட்டியல். டிகிரிப்ஷனில் உடைந்துபோகும் சேவைகளைப் பெட்டிகளே முன்கூட்டி ஒரு பட்டியலாக வைத்திருக்கும், நாம் சேர்க்காமலே அது இருக்கும். மற்றது குவிக். குரோம் கூகுளின் தளங்களோடு வழக்கமான டிசிபி முறையை விட்டுவிட்டு, யுடிபி என்ற வேறு முறையின் 443ஆம் போர்ட்டில் குவிக் என்ற புதிய பேச்சுமொழி மூலம் பேசப் பார்க்கும். 2021இல் இது முறையான இணையத் தரமாகவே வந்துவிட்டது, ஆனால் பல ஃபயர்வால்களால் இதைத் திறக்க முடியாது. வெளியே போகும் யுடிபி 443ஐ அடைத்துவிட்டால் உலாவி தானாகவே டிசிபிக்குத் திரும்பிவிடும், பாவிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. டிராஃபிக் லாக்கில் உங்கள் ஜிமெயில் இணைப்பு யுடிபி என்று இருந்ததா என்று இப்போதே பாருங்கள்.

இன்னொன்று, நேரம். ஜிமெயிலில் கோப்பு கூகுளுக்குப் போவது நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்தும்போது அல்ல, இணைத்த அந்தக் கணத்தில். மெயிலில் தட்டச்சு செய்வதும் வரைவாக அப்போதைக்கப்போது போய்க்கொண்டே இருக்கும். அனுப்பிய நேரத்தை வைத்து லாக்கில் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், சில நிமிடங்கள் முன்னால் தேடுங்கள். தடுப்பு வேலை செய்தாலும் மெயில் அனுப்ப முடியவில்லை என்று வராது, இணைப்பு ஏறாமல் நின்றுவிடும், அவ்வளவுதான். மேசைக் கணினியில் அவுட்லுக் மூலம் மைக்ரோசாஃப்ட் 365 பாவிக்கிறீர்கள் என்றால் விஷயமே வேறு. அதன் பேச்சுமொழியை டிகிரிப்ட் செய்த பிறகும் பல ஃபயர்வால்களால் பிரித்து இணைப்பை எடுக்க முடியாது. அங்கே தடுப்பை மெயில் சேவைக்குள்ளேயே போடுவதுதான் சரி.

பெட்டி திறந்து பார்க்கிறது என்று உறுதியான பிறகு கோப்புக்கு வாருங்கள். நேராக எக்செல்லை வைத்துச் சோதிக்காதீர்கள். முதலில் நோட்பேடில் கற்பனையான பத்து இலக்கங்களை வரிக்கு ஒன்றாக எழுதி, சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக அனுப்பிப் பாருங்கள். அது தடுக்கப்பட்டால் பேட்டர்ன் சரி. அப்புறம் அதே இலக்கங்களை வேர்டில், பிறகு எக்செல்லில், பிறகு பிடிஎஃப்பில். எந்தப் படியில் விழுகிறது என்பதே பதிலைச் சொல்லிவிடும். வேர்டும் எக்செல்லும் உண்மையில் சிப் செய்யப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகள், பெட்டி அதைப் பிரிக்க வேண்டும். வேர்டில் ஒரு இலக்கத்தை இடையில் திருத்தியிருந்தால் அது எக்ஸ்எம்எல்லுக்குள் இரண்டு துண்டாகக் கிடக்கலாம், எழுத்தை ஒட்டிச் சேர்க்காமல் அப்படியே தேடும் பெட்டி அதைத் தவறவிடும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், படத்தை வாசிக்கும் வசதி இல்லாத பெட்டிக்கு அதில் இலக்கமே இல்லை.

எக்செல்லில் ஒரு சிக்கல் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. புதிய அடையாள அட்டையின் 12 இலக்கத்தை ஒரு சாதாரணக் கட்டத்தில் அடித்தால் எக்செல் அதை எண்ணாக எடுத்து, 1.99053இ+11 என்பது போலச் சுருக்கிக் காட்டும். எக்செல் கோப்பாகவே இருக்கும்வரை உள்ளே முழு எண்ணும் இருக்கிறது. ஆனால் அதைச் சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதுதான் எழுதப்படும், இலக்கம் கோப்பிலேயே இராது. பேட்டர்ன் பிடிக்கவில்லை என்று தலையை உடைத்துக்கொள்வீர்கள், பிடிக்க அங்கே எதுவும் இருக்காது. கிரெடிட் கார்ட் இலக்கங்களில் இது இன்னும் மோசம். எக்செல் எண்களில் 15 இலக்கங்களுக்கு மேல் காப்பாற்றாது, 16ஆவது இலக்கம் பூச்சியமாகிவிடும். கார்ட் இலக்கத்தைப் பிடிக்கும் ஃபில்டர்கள் கடைசி இலக்கத்தை வைத்து லூன் என்ற சரிபார்ப்புக் கணக்குப் போட்டுப் பார்க்கும், மாறிப்போன இலக்கம் அதில் தேறாது, விட்டுவிடும். ஆகவே சோதனைக் கோப்பில் அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு இலக்கங்களை அடியுங்கள்.

இனிதான் பேட்டர்ன். நம் இலங்கை அடையாள அட்டை இலக்கம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது: பழையது 9 இலக்கமும் பின்னால் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016இலிருந்து வந்த புதியது 12 இலக்கம் மட்டும். செக்ரோலில் வயதானவர்கள் பழையதோடும் இளையவர்கள் புதியதோடும் கலந்திருப்பார்கள், ஒரு வடிவத்துக்கு மட்டும் எழுதினால் பாதிப் பட்டியல் போய்விடும். வி எழுத்தைக் கிளாக்கர் சின்னதாக அடித்திருப்பார், முன்னால் ஓர் இடைவெளி விட்டிருப்பார், இரண்டையும் பேட்டர்ன் ஏற்க வேண்டும். புதிய வடிவத்தை வெறும் "12 இலக்கம்" என்று எழுதாதீர்கள். இணையத் தளங்களின் நேர முத்திரைகள், பொருட்களின் பார்கோட்கள் எல்லாவற்றையும் அது பிடிக்கும், ஆட்கள் வந்து முறையிடுவார்கள், யாராவது பிளாக்கை அலெர்ட் (எச்சரிக்கை மட்டும்) என்று மாற்றிவிட்டுப் போவார்கள். முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1990 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணின் புதிய இலக்கம் 1990532 என்று தொடங்கும், பழையது 90532 என்று தொடங்கும். ஆக வருடம் 19 அல்லது 20இல் தொடங்க வேண்டும், நாள் 001 முதல் 366 வரை அல்லது 501 முதல் 866 வரை இருக்க வேண்டும், முன்னாலும் பின்னாலும் வேறு இலக்கம் ஒட்டியிருக்கக் கூடாது. இவ்வளவும் போட்டால் பொய்ப் பிடிப்பு வெகுவாகக் குறையும். எழுதும்போது உங்கள் பெட்டி எந்த வகை ரெகெக்ஸை (பேட்டர்ன் எழுதும் குறிமொழி) புரிந்துகொள்ளும் என்று அதன் கையேட்டைப் பாருங்கள், இணையத்தில் கிடைக்கும் சோதனைப் பக்கத்தில் வேலை செய்வது பெட்டியில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் தேடும் சரம் குறைந்தது 7 பைட் இருக்க வேண்டும், அதனால் ஈ.பி.எஃப் அங்கத்துவ இலக்கம் போன்ற சின்ன எண்ணைத் தனியாகப் பிடிக்கவே முடியாது. வங்கிக் கணக்கு இலக்கங்களும் வங்கிக்கு வங்கி வேறு நீளம், அதை மட்டும் நம்பிப் பேட்டர்ன் எழுதினால் ஒன்று எல்லாவற்றையும் பிடிக்கும் அல்லது எதையும் பிடிக்காது.

தமிழ்ச் சொற்களை வைத்தும் தடுக்கப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் அந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பாருங்கள். நம் அலுவலகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. பாமினியில் "சம்பளம்" என்று திரையில் தெரிவது கோப்புக்குள் ஆர், கே, அரைப்புள்ளி, ஜி, எஸ், கே, அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கிறது. யூனிகோடில் (இன்றைய பொதுக் குறியீட்டு முறை) எழுதிய உங்கள் ரூலுக்கும் அதற்கும் ஒரு பைட்கூடப் பொருந்தாது. இரண்டு வடிவத்திலும் ரூல் எழுத வேண்டும். யூனிகோடிலேயே "கொடுப்பனவு" என்ற சொல்லின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு குறியீடுகள் சேர்ந்ததாகவும் இருக்கலாம், கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் நான் வழக்கமாகச் சொல்லும் வழி இது: செக்ரோல் மாதிரிக் கோப்பின் தலைப்பில், வேறெங்கும் வராத ஒரு நீண்ட ஆங்கில எழுத்து எண் கலவையை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள், அதைத் தேடித் தடுங்கள். பெட்டியால் திறக்க முடிந்த கோப்பு முழுதாகப் போகும்போது நிச்சயமாகப் பிடிக்கும், பொய்ப் பிடிப்பே இருக்காது. வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டினால் பிடிக்காது, அதற்குத்தான் அடையாள அட்டைப் பேட்டர்ன்.

கடைசியாக, நடவடிக்கை. பல பெட்டிகளில் எத்தனை தடவை பொருந்தினால் எச்சரிப்பது, எத்தனை தடவை பொருந்தினால் தடுப்பது என்று தனித்தனி எண் உண்டு. தடுக்கும் எண்ணை 50 என்று வைத்துவிட்டு மூன்று வரிக் கோப்பால் சோதித்தால் அது போகத்தான் செய்யும். எந்தக் கோப்பு வகை, ஏற்றுவதா இறக்குவதா என்ற தெரிவுகளையும் பாருங்கள். கோப்பின் அளவும் கணக்கில் வரும்: ஃபோர்ட்டிகேட்டில் மாற்றாமல் விட்டால் 10 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சோதிக்காமல் அனுப்பிவிடும், நினைவகப் பாவனை 88 சதவீதத்தைத் தொட்டால் நினைவகத்தைச் சேமிக்கும் கன்சர்வ் மோடுக்குப் போகும், அப்போது சோதிக்காமல் விடுவதா தடுப்பதா என்பது நீங்கள் வைத்திருக்கும் அமைப்பைப் பொறுத்தது. சில நாள் தடுக்கிறது சில நாள் விடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சின்னப் பெட்டியில் டிகிரிப்ஷனைப் புதிதாகத் திறந்துவிட்ட இடங்களில் இது வருவது சகஜம்.

இவ்வளவும் சரியானாலும் இந்தத் தடுப்பு எதுவரை என்பதை உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் தவறான முகவரிக்கு அனுப்புவதை இது தடுக்கும். வேண்டுமென்றே எடுத்துப் போகிறவரை இது தடுக்காது. வாட்ஸ்அப்பில் போவது முனைக்கு முனை குறியாக்கம் செய்யப்பட்டது, ஃபயர்வாலால் அதை வாசிக்க முடியாது, அந்தச் செயலியை முழுதாக அடைக்கத்தான் முடியும். கடவுச்சொல் போட்ட சிப் கோப்பும் அப்படியே, திறக்க முடியாத சிப்பை எல்லாம் தடு என்று தனி ரூல் போடலாம். யுஎஸ்பியும் திரையைப் படம் பிடிக்கும் கைபேசியும் ஃபயர்வால் பக்கமே வருவதில்லை. அதனால் பட்டியலையே சிறியதாக்குவதில் நேரம் செலவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கொழுந்து நிறுவைக் கணக்குப் பார்க்கிறவருக்கு அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் ஏன் தேவை? பெயரும் செக்ரோல் இலக்கமும் போதும். நாள் சம்பளத்துக்கு மலையேறுகிற ஒருவருடைய பெயர், பிறந்த திகதி, கணக்கு இலக்கம் மூன்றும் ஒரே வரியில் வெளியே போனால், அவர் பெயரில் கடன் எடுக்க முயல்கிறவனுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி, அதைச் சரி செய்ய அந்த மனிதர் எத்தனை நாள் வேலையை விட்டு டவுனுக்கு அலைய வேண்டும் என்று யோசியுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைச் சேகரிப்பவர்தான் அதைக் காக்க வேண்டும் என்கிறது. அதே மரியாதை ஊழியர்களுக்கும் உண்டு: டிகிரிப்ஷன் போடும் முன் அவர்களுக்குச் சொல்லுங்கள், வங்கி, வைத்தியம் சம்பந்தப்பட்ட தளங்களை விலக்கி வையுங்கள்.

உங்கள் பெட்டி எது, எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை, ஆகவே டிகிரிப்ஷன்தான் என்று நான் சொல்வது பலமான ஊகம், முடிந்த முடிவு அல்ல. ஜிமெயில் சான்றிதழை வழங்கியவர் பெயர், டிராஃபிக் லாக்கில் அந்த இணைப்பு பிடித்த ரூலும் அது டிசிபியா யுடிபியா என்பதும், டெக்ஸ்ட் கோப்புச் சோதனை என்ன ஆனது என்பது, இந்த மூன்றையும் பெட்டியின் மாடலோடு எழுதுங்கள், மேற்கொண்டு குறிப்பாகச் சொல்கிறேன். லாக்கைப் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால் ஊழியர் பெயர்களையும் வெளி ஐபி முகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். சோதனைக்கு இதுவரை உண்மையான செக்ரோலைத்தான் ஜிமெயிலுக்கு அனுப்பினீர்கள் என்றால், அனுப்பிய பெட்டி, வந்த பெட்டி, குப்பைத் தொட்டி மூன்றிலிருந்தும் அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.